தயிர் சாதமும் ஹல்லா ரொட்டியும்: டீச்சர் பதில்கள்

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, 2023 கோடையில் நான் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்ததையும், எட்டு வயதுப் பேரன் தினமும் யூதர் சமூக நிலையம் ஒன்றின் பகல் முகாமுக்குப் போய்வந்ததையும் போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் தகவல்களையும் பார்த்தால், இத்தனை வருடமாகப் பிள்ளை வளர்ப்பு, கட்டொழுங்கு என்று நான் எழுதியதையெல்லாம் யாரும் படிக்கவே இல்லையோ என்று சந்தேகம் வருகிறது. சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும். மாமியார் பிரச்சினை எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீச்சர், நாம் இந்துக்கள். பேரனை எதற்கு யூதர் முகாமுக்கு அனுப்பினார்கள்? வேறு இடமே கிடைக்கவில்லையா?
*(ஒரு வாசகி, பட்டர்வொர்த்)*

இதே கேள்வியை நானும் மகளிடம் கேட்டேன், விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே. "அம்மா, ஜூன் கடைசியில் பள்ளியை மூடினால் செப்டம்பரில்தான் திறப்பார்கள், நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், பத்து வாரம் பிள்ளையை எங்கே வைப்பது?" என்றாள். அவ்வளவுதான் காரணம். நிலையம் வீட்டிலிருந்து பத்து நிமிடம், பேருந்து வாசலுக்கு வரும், நீச்சல் சொல்லிக்கொடுப்பார்கள், எந்த மதத்துப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வார்கள். பேரனின் குழுவில் ஒரு குஜராத்திப் பெண், இரண்டு சீனப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும் ஒரு பையன், மற்றவர்கள் யூதப் பிள்ளைகள்.

ஆனால் எல்லா யூதர் முகாமும் இப்படி இல்லை. சமூக நிலையங்கள் நடத்துவது ஒரு வகை. பக்தி இயக்கங்கள் யூதப் பிள்ளைகளுக்காகவே நடத்துவது இன்னொரு வகை. சபாத் என்ற யூத பக்தி இயக்கத்தார் 1956ல் தொடங்கிய 'கான் இஸ்ராயேல்' முகாம்கள் அந்த இரண்டாம் வகை. அங்கே பையன்களுக்குத் தனி நேரம், பெண்களுக்குத் தனி நேரம் நீச்சல், தினமும் தொழுகை, வேதப்பாடம் எல்லாம் உண்டு. பேரன் போனது முதல் வகை.

இந்த முகாம் பழக்கம் அவர்களுக்கு நூறு வருடத்துக்கு மேல் பழையது. நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் காற்றில்லாத அடுக்கு வீடுகளில் நெருக்கியடித்துக் கிடந்த குடியேறிகளின் பிள்ளைகளைக் கொஞ்சம் பச்சையைப் பார்க்கட்டும் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். 1902ல் தொடங்கிய சர்ப்ரைஸ் லேக் முகாம் அப்படி வந்ததுதான், இன்றைக்கும் நடக்கிறது. அது இரவு தங்கும் முகாம். பகல் முகாம் அதன் தம்பி. பட்டணத்திலேயே இருக்கும், சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும்.

கட்டணம் கேட்காதீர்கள். ரிங்கிட்டில் கணக்குப் போட்டுப் பார்த்து எனக்கு மயக்கம் வந்தது. வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பகல் முகாம் செலவில் ஒரு பகுதிக்கு அந்நாட்டு வருமான வரியில் சலுகை உண்டு, இரவு முகாமுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று மருமகன் சமாதானம் சொன்னார்.

கேள்வி: காலையிலிருந்து மாலைவரை பிள்ளைகள் அங்கே என்னதான் செய்வார்கள்? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.
*(ஓர் ஆசிரியை, கிள்ளான்)*

முதலில் பை. நீச்சல் உடை இரண்டு, துண்டு, தண்ணீர் போத்தல், தொப்பி, வெயிலுக்குப் பூசும் கிரீம், மதிய உணவு. எல்லாவற்றிலும் பெயர் எழுதியிருக்க வேண்டும், காலுறையில்கூட. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதியது நான்தான். முதல் நாள் காலையில் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் சீப்பால் பிரித்துப் பேன் பார்த்தார்களாம். அதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வருகிறார்கள் என்று கேட்டபோது, நம் பாட்டிமார்களை நினைத்துக்கொண்டேன், ஒரு காசு வாங்காமல் எத்தனை தலை பார்த்திருப்பார்கள்.

ஒன்பது மணிக்கு எல்லோரும் புல்தரையில் வட்டமாகக் கூடுவார்கள். "போகேர் தோவ்!" என்று ஒருவர் கத்த, பிள்ளைகள் "போகேர் ஓர்!" என்று திருப்பிக் கத்துவார்கள். முதலாவது 'நல்ல காலை', இரண்டாவது 'வெளிச்சமான காலை'. அப்புறம் 'மோதே அனி' என்ற சின்ன வேண்டுதல். தூங்கி எழுந்ததும் படுக்கையிலேயே சொல்வது, உயிரைத் திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி என்று பொருள். அதைக் கையைத் தூக்கிக் காலைத் தூக்கி ஆடிக்கொண்டே பாடுகிறார்கள். கிட்டாரோடு நடுவில் குதிப்பவர் பெரியவர் யாரும் இல்லை, பத்தொன்பது வயதுப் பையன். குழுவைப் பார்த்துக்கொள்ளும் இந்த அண்ணன் அக்காக்களுக்கு எபிரேயத்தில் 'மத்ரீக்' என்று பெயர், வழிகாட்டி என்று அர்த்தம். இதே முகாமில் பிள்ளையாக இருந்து, பதினைந்து வயதில் பயிற்சியாளாகி, அப்புறம் சம்பளத்துக்கு வந்தவர்கள். பாட்டுச் சத்தம் குறைந்தால் "எங்கே ருவாஹ்?" என்று அதட்டுவார்கள். ருவாஹ் என்றால் காற்று, ஆவி, உயிர்மூச்சு. முகாமில் அதற்கு அர்த்தம் 'தொண்டை கிழியட்டும்' என்பதுதான்.

அடுத்து நீச்சல். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நமக்கு உதவும். முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையையும் சோதித்து, திறமைக்கு ஏற்ற நிறத்தில் கையில் பட்டை கட்டிவிடுவார்கள். எந்த நிறம் எவ்வளவு ஆழம் வரை போகலாம் என்று கோடு போட்டிருக்கும். தண்ணீரில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. சில நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடிக்கும், உடனே ஜோடி ஜோடியாகக் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்ட வேண்டும், எண்ணிக்கை சரியாக வந்தால்தான் மறுபடி ஆட்டம். இடி கேட்டால் எல்லோரும் வெளியே. கடைசி இடிக்குப் பிறகு முழுசாக அரை மணி நேரம் போகாமல் இறங்கவிட மாட்டார்கள், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும். நாம் பினாங்கில் தித்தி கெராவாங் நீர்வீழ்ச்சிக்கு இரண்டு வேன் நிறையப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் இறக்கிவிட்டுப் பெரியவர்கள் எல்லோரும் பிரியாணிச் சட்டியைச் சுற்றி உட்காருகிறோமே, அந்த நேரத்தில் எனக்கு இந்த விசில் ஞாபகம் வருகிறது. இப்போது என் கைப்பையில் ஒரு விசில் இருக்கிறது, சிரிக்காதீர்கள்.

சாப்பாடு தனிக் கதை, கீழே வருகிறது. மதியத்துக்கு மேல் அவரவர் பிடித்ததைத் தேர்ந்து செய்யும் நேரம்: வில்வித்தை, களிமண், நாடகம், சமையல். பேரனுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது 'காகா' என்ற பந்தாட்டம். எட்டுப் பக்கப் பலகைத் தொட்டி ஒன்றுக்குள் எல்லோரும் நிற்பார்கள், பந்தை எறியக் கூடாது, உள்ளங்கையால் தட்டத்தான் வேண்டும், முழங்காலுக்குக் கீழே பட்டால் வெளியே. 'கா' என்றால் எபிரேயத்தில் 'தொடு' என்று அர்த்தமாம். சண்டை மூளாமல் ஓர் ஆட்டமும் முடிந்ததில்லை. நாலு மணிக்குப் பேருந்து. பாதி நாள் தூங்கிக்கொண்டேதான் இறங்குவான், ஈரத்துண்டு கழுத்தில்.

வெள்ளிக்கிழமை வேறு மாதிரி. எபிரேயத்தில் ஞாயிறு 'முதல் நாள்', திங்கள் 'இரண்டாம் நாள்' என்று எண்தான், பெயருள்ள நாள் ஒன்றே ஒன்று, ஷபாத், அதாவது சனி. வெள்ளி சூரியன் மறையும்போதே அது தொடங்கிவிடும், சூரிய மறைவுக்கு 18 நிமிடம் முன்பே விளக்கேற்றுவது பொது வழக்கம். முகாம் அதற்குள் முடிந்துவிடுவதால், மத்தியானமே பிள்ளைகளோடு ஒரு முன்னோட்டம். வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பச் சொல்வார்கள். காலையில் மாவு பிசைந்து, மூன்று திரி பின்னி, முட்டை தடவி ஹல்லா ரொட்டி சுடுவார்கள். பின்னல் என்றால் நம் பெண்பிள்ளைகளின் சடைப் பின்னல்தான், குஜராத்திப் பெண் எல்லோருக்கும் முன்னால் பின்னி முடித்துவிட்டாள் என்று பேரனுக்குப் பொறாமை. விளக்கேற்றும் முன் உண்டியல் சுற்றி வரும். அதில் சேர்ந்த காசு எங்கே போக வேண்டும் என்பதைக் கோடைக் கடைசியில் பிள்ளைகளே கை தூக்கி முடிவு செய்தார்கள். விலங்குக் காப்பகம் ஜெயித்தது, எதிர்பார்த்ததுதான்.

முதல் வெள்ளி அவன் வீட்டுக்கு வந்தபோது நான் சாமி அறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். "பாட்டி, நீங்களும் ஷபாத்தா?" என்றான். எங்கள் வீட்டில் அறுபது வருடமாக வெள்ளிக்கிழமை விளக்கு எரிகிறது, அதைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி வந்தது அன்றைக்குத்தான்.

கேள்வி: சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? யூதர்களுக்கும் முஸ்லிம்கள் போலப் பன்றி ஆகாது என்று தெரியும். மற்றது?
*(ஒரு குடும்பத்தலைவி, சுங்கைப்பட்டாணி)*

அம்மா, நீங்கள்தான் சரியான கேள்வி கேட்டீர்கள்.

நாம் மலேசியாவில் வளர்ந்தவர்கள், ஹலால் பார்த்து வாங்கும் நண்பர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பழகியவர்கள், அதனால் 'கோஷர்', அதாவது யூதர்களின் உணவு விதி, என்றவுடன் பாதி புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பன்றி இல்லை, இறால் நண்டு இல்லை, அறுப்பதற்கு முறை உண்டு. ஆனால் பெரிய விஷயம் வேறு. இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேரக் கூடாது. பாத்திரம் தனி, கரண்டி தனி, கழுவும் தொட்டிகூடத் தனி. இறைச்சி சாப்பிட்டால் பால் சாப்பிடக் காத்திருக்க வேண்டும், ஊருக்கு ஊர் வழக்கம் வேறு, ஒரு மணி நேரம், மூன்று, ஆறு என்று. இரண்டிலும் சேராத காய், பழம், முட்டை, மீன், தானியத்துக்கு 'பார்வே' என்று பெயர்.

ரொம்பக் கட்டுப்பாடான முகாம்களில் வீட்டுச் சாப்பாட்டையே உள்ளே விட மாட்டார்கள், நம் சட்டியில் என்ன வெந்ததோ யாருக்குத் தெரியும், எல்லோருக்கும் அவர்களே சமைத்துப் போட்டுவிடுவார்கள். பேரன் போன இடத்தில் வீட்டிலிருந்து கொண்டுவரலாம், ஆனால் இறைச்சி இருக்கக் கூடாது, கடலை வகை எதுவும் கூடாது. அந்த விதியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: தயிர் சாதம்! பால் சேர்ந்தது, இறைச்சி இல்லாதது, வெயிலுக்குக் குளிர்ச்சி. வேதக்காரர்கள் நம்மைக் கேட்டு விதி எழுதினது போல இருந்தது. எலுமிச்சைச் சாதத்தில் மட்டும் நிலக்கடலையை எடுத்துவிட்டேன், பாவம், அது இல்லாமல் என்ன எலுமிச்சைச் சாதம். இட்லிப் பொடியில் மாட்டிக்கொண்டேன். அந்தக் குழுவில் ஒரு பிள்ளைக்கு எள் ஒத்துக்கொள்ளாது. அமெரிக்காவில் 2023 ஜனவரியிலிருந்து எள்ளையும் பெரிய ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் சேர்த்து உணவுப் பொட்டலங்களில் குறிப்பிடச் சட்டம் வந்திருக்கிறது. ஆக, அந்த மேசைக்கு எள் அரைத்துச் சேர்க்கும் ஹம்முஸ் துவையலும் கிடையாது, என் இட்லிப் பொடியும் கிடையாது. எள் இல்லாமல் ஒரு பொடி இடித்தேன். பரவாயில்லை என்றான், அந்த ஒரு சொல்லிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

இனி நடந்த தப்பைச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முகாமே நெருப்பில் வாட்டிச் சாப்பாடு போடும். பன்றி கிடையாது என்ற நிம்மதியில் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. கோஷர் ஹாட் டாக் என்பது பெரும்பாலும் முழுக்க மாட்டிறைச்சி! படிவத்தில் 'சைவம்' என்று மகள் எழுதியிருந்தாள், அது எந்த அலமாரியில் தூங்கியதோ. பேரன் வேண்டாம் என்று சொல்ல, அந்த வழிகாட்டிப் பையன் நல்ல எண்ணத்தில் "பயப்படாதே, இதில் பன்றி இல்லவே இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். கடைசியில் வெறும் ரொட்டியில் தக்காளி சாஸ் தடவிச் சாப்பிட்டுவிட்டு வந்தான். மகள் போய்ப் பேசினாள், அடுத்த தடவையிலிருந்து காய்கறி பர்கர் வந்தது, அவனோடு இன்னும் மூன்று பிள்ளைகள் அதையே கேட்டு வாங்கினார்களாம். நம்மிடம் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது, இன்னொருவரின் உணவு விலக்கு நம்முடையதைவிடக் கடுமையாக இருந்தால் அதற்குள் நம்முடையதும் அடங்கிவிடும் என்று. அடங்காது. தனியாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அன்றைக்குப் பின் கொடுத்த குச்சி ஐஸ் பாலில் செய்தது இல்லை, சர்க்கரைத் தண்ணீர் ஐஸ், மதியம் இறைச்சி ஆயிற்றே. இதையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளை எனக்கு விளக்கினான், வீட்டுப் பாடத்தைப் பத்து முறை சொன்னாலும் மறக்கிறவன்.

சாப்பிடும் முன் ரொட்டிக்கு ஒரு வாழ்த்து, 'ஹாமோட்சி', மண்ணிலிருந்து ரொட்டியை வரவழைப்பவருக்கு நன்றி என்று. சாப்பிட்ட பிறகு அதைவிட நீளமாக இன்னொன்று, மேசையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு. சாப்பிடும் முன் வேண்டுவது எல்லா மதத்திலும் உண்டு, வயிறு நிறைந்த பிறகு எழுந்து ஓடாமல் உட்கார்ந்து பாட வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

கேள்வி: தலையில் அந்தச் சின்னத் தொப்பி போடச் சொன்னார்களா?
*(ஒரு வாசகர், ஈப்போ)*

கிப்பா. கூடையில் வைத்திருப்பார்கள், ரொட்டி வாழ்த்தின்போது விரும்பியவர் எடுத்துப் போடலாம். பேரன் ஒருநாள் போட்டான், காற்றில் பறந்தது, விட்டுவிட்டான்.

கேள்வி: டீச்சர் தப்பாக நினைக்கக் கூடாது. இப்படிப் பாட்டும் விளையாட்டுமாகத்தானே பிள்ளைகளை மதம் மாற்றுகிறார்கள்? உங்களுக்குப் பயமாக இல்லையா?
*(ஒரு தந்தை, பிறை)*

நினைக்கவில்லை ஐயா. நம் பக்கத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் யூதர்கள் ஆள் சேர்ப்பவர்கள் இல்லை. ஒருவர் தானாகவே வந்து சேருகிறேன் என்றாலும், மூன்று முறை திருப்பி அனுப்பிப் பார்ப்பது அவர்களுடைய மதகுருமார்களான ரபிகளின் பழைய வழக்கம். சேர்ந்தாலும் படிப்பு, சோதனை என்று இழுக்கும்.

நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. அவன் வீட்டில் தமிழே பேச மாட்டேன் என்கிறான், இதில் எபிரேயமும் சேர்ந்தால் அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஒரு நாள் ஓடி வந்து, "பாட்டி, அவர்கள் எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள்!" என்றான். என்னடா என்றால், எபிரேயத்தில் தகப்பனுக்கு 'அப்பா' (அவர்கள் 'அபா' என்று மெதுவாகச் சொல்வார்கள்), தாய்க்கு 'இமா'. தற்செயல்தான், குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் உலகம் முழுக்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் நான் விடுவேனா? பைபிளில் சாலமோன் ராஜாவின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலுக்கு 'துக்கி' என்று பெயர் இருக்கிறதே, அது நம் 'தோகை'யிலிருந்து போனது என்று கால்டுவெல் காலத்திலிருந்து அறிஞர்கள் பலர் சொல்லிவருவதை எடுத்துவிட்டேன். மறுநாள் அதைக் கொண்டுபோய் இஸ்ரேலிலிருந்து வந்திருந்த வழிகாட்டிப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறான். இப்போதைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி, மயில் இல்லை என்று அவள் சொன்னாளாம். இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. அந்த வாக்குவாதத்துக்காக என்னிடம் 'மயில்', 'கிளி', 'தோகை' மூன்றையும் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு போனான். அந்தக் கோடையில் அவன் கேட்டு எழுதி வாங்கிய ஒரே தமிழ் அதுதான்.

கேள்வி: காஸாவில் அத்தனை பிள்ளைகள் செத்த பிறகும் இதைப் புகழ்ந்து எழுத உங்களுக்கு மனம் வருகிறதா?
*(பெயர் வேண்டாம், கோலாலம்பூர்)*

கடுமையாகக் கேட்டிருக்கிறீர்கள், கேட்க வேண்டியதுதான். நான் அங்கே இருந்தது போருக்கு முந்திய கோடை. அக்டோபர் 7 தாக்குதலில் இறந்தவர்களைப் பார்த்தும், அதற்குப் பிறகு காஸாவில் மாதக்கணக்கில் நடந்ததைப் பார்த்தும் எனக்கும் தூக்கம் போனது. முகாமில் இஸ்ரேல் கொடி இருந்தது, அந்த நாட்டைப் பற்றிய பாட்டும் இருந்தது. நம் கடப்பிதழில் அந்த ஒரு நாட்டைத் தவிர என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான், அந்தக் கொடிக்குக் கீழே பேரன் நிற்பது எனக்கு ஒட்டவில்லை, அதை மகளிடம் சொல்லவும் செய்தேன். அதே சமயம், 2023 அக்டோபர் கடைசியில் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் போரை நிறுத்து என்று உட்கார்ந்து நூற்றுக்கணக்கானோர் கைதானார்களே, அந்தப் போராட்டத்தைக் கூட்டியதும் ஒரு யூத அமைப்புதான். ஓர் அரசாங்கத்தின் கணக்கை ரொட்டி பின்னும் எட்டு வயதுப் பிள்ளையின் பேரில் எழுத என்னால் முடியாது. உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், போடுகிறேன்.

பேரனோடு முகாமுக்கு வந்த பிள்ளைகளும் பயமில்லாமல் விளையாடவில்லை. வாசலில் காவலர், அடையாள அட்டை இல்லாமல் பாட்டிக்குக்கூட அனுமதி இல்லை. 1999 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் இதேபோல ஒரு யூதர் நிலையத்துக்குள் ஒருவன் புகுந்து சுட்டதில் ஐந்து பேருக்குக் காயம், அதில் மூன்று பேர் முகாமுக்கு வந்த சிறு பிள்ளைகள். 2018ல் பிட்ஸ்பர்க் தொழுகைக்கூடத்தில் 11 பேர் செத்தார்கள். வாசலில் இருந்த காவலர் என் பையைத் திறந்து பார்த்தபோது முதல் நாள் கோபப்பட்டேன். காரணம் தெரிந்த பிறகு நானே திறந்து காட்டினேன்.

கேள்வி: பினாங்கில் யூதர்கள் இருந்தார்களாமே, உண்மையா?
*(ஒரு கல்லூரி மாணவர், ஆயர் ஈத்தாம்)*

உண்மைதான் தம்பி, உன் ஊரிலிருந்து பேருந்தில் கொஞ்ச தூரம். ஜாலான் சைனல் அபிடின் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் தெருவுக்கு முன்பு யஹூடி ரோடு என்று பெயர். அங்கே உயரமான மதிலுக்குள் 1805ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் யூதர் இடுகாடு இருக்கிறது, இருப்பதிலேயே பழைய கல்லறைக்கல் 1835ஆம் ஆண்டுடையது. 1941ல் விபத்தில் இறந்த பிரிட்டிஷ் இந்தியப் படை அதிகாரி ஒருவரின் கல்லறையும் உண்டு. நாகூர் ரோட்டில் 1929ல் தொழுகைக்கூடம் திறந்தார்கள். நாகூர் பெயரில் தெரு, அதில் யூதர் தொழுகைக்கூடம், பினாங்கைத் தவிர வேறெங்கே நடக்கும்! பொதுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் சேர வேண்டும் என்பது அவர்கள் முறை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒவ்வொரு குடும்பமாகப் புறப்பட்டுப் போக, அந்தப் பத்துப் பேர் தேறாமல் 1976ல் மூடிவிட்டார்கள். கடைசியாக 2011ல் இடுகாட்டில் அடக்கமானவர், ஈ அண்ட் ஓ ஹோட்டலின் பொது மேலாளராக இருந்த டேவிட் மொர்டெகாய்.

சிறுமியாக இருந்தபோது அந்த மதிலோரம் எத்தனை முறை நடந்திருப்பேன், உள்ளே யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நியூ ஜெர்சி போய் வந்த பிறகுதான் போய் நின்று பார்த்தேன்.

கேள்வி: எங்கள் ஆலயத்தில் ஆண்டு இறுதி விடுமுறையில் இதேபோல ஒரு பகல் முகாம் நடத்த எண்ணம். பண்பாட்டு வகுப்பு என்றால் பிள்ளைகள் ஓடுகிறார்கள். உங்கள் ஆலோசனை?
*(ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர், செந்தூல்)*

முதல் ஆலோசனை, 'வகுப்பு' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் நின்றவள் சொல்கிறேன்.

நம்மிடம் பாட்டு இல்லையா, சமையல் இல்லையா? திருமுறை ஓதும் விழாவுக்கு இந்து சங்கம் வருடந்தோறும் பிள்ளைகளைத் தயார் செய்கிறது, நல்ல காரியம், என் மாணவர்களும் மேடை ஏறியிருக்கிறார்கள். ஆனால் தேவாரம் என்றதும் அந்தப் பிள்ளைக்கு ஞாபகம் வருவது நீதிபதி, மதிப்பெண், கிண்ணம். பரிசு கிடைக்காத பிள்ளை அடுத்த வருடம் வாயைத் திறப்பதில்லை. பேரன் போன முகாமிலும் போட்டி உண்டு, 'மக்காபியா' என்று இரண்டு நிறமாகப் பிரிந்து கோடைக் கடைசியில் ஒரு வாரம் மோதிக்கொள்வார்கள், கயிறு இழுப்பதில், ஓடுவதில், கத்துவதில். வேண்டுதலில் போட்டி வைக்க மாட்டார்கள். அதை எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள், சுருதி சேராதவனும் சேர்ந்து.

சுண்டலை வாங்காதீர்கள், பிள்ளைகளே கடலையை ஊற வைத்துத் தாளிக்கட்டும், கோயில் சமையலறையில் அம்மாமார்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டும், அதுதான் கஷ்டம். மாலை கட்டட்டும். உண்டியல் ஒன்று வைத்து அந்தக் காசுக்கு அவர்களே முடிவு சொல்லட்டும், நாய்க் காப்பகம் என்றால் நாய்க் காப்பகம்தான், நடுவில் புகுந்து ஆலயத் திருப்பணிக்கு மாற்றக் கூடாது.

பொறுப்பைப் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களிடம் கொடுங்கள், சும்மா வேண்டாம், கைச்செலவுக்காவது கொடுத்து. தலைவர், துணைத் தலைவர், செயலாளர் என்று எல்லோரும் மேடையில் பேசி முடிப்பதற்குள் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். திறப்பு விழாவே வேண்டாம் என்பேன், உங்கள் குழுவில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பத்து நிமிடத்தில் முடிக்கப் பாருங்கள். அமெரிக்க முகாம் சங்கத்தின் கணக்குப்படி பகல் முகாமில் ஆறிலிருந்து எட்டு வயதுவரை எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர், ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுவரை பத்துப் பேருக்கு ஒருவர். அதைவிடக் குறைவாக ஆள் வைத்தால் முகாம் என்பது ஆள் எண்ணும் வேலையாகிவிடும்.

துக்கத்தையும் மறைக்காதீர்கள். நான் இருந்த வருடம் ஜூலை 27, வியாழக்கிழமை, 'திஷா பாவ்' வந்தது, எருசலேமில் அவர்களுடைய இரண்டு கோயில்களும் இடிந்ததை நினைக்கும் நோன்பு நாள். அந்த நாளோடு முடியும் ஒன்பது நாளும் பக்தியுள்ளவர்கள் இறைச்சி உண்ண மாட்டார்கள், குதூகலத்துக்காக நீந்தவும் மாட்டார்கள், அதனால் கட்டுப்பாடான முகாம்களில் பயிற்சி நீச்சல் மட்டும்தான் நடக்கும். பேரனின் முகாமில் அன்றைக்குக் காலை வட்டத்தில் பாட்டு இல்லை, தரையில் உட்கார்ந்து ஒருவர் மெதுவாகக் கதை சொன்னாராம். கிட்டார் இல்லாத அந்த ஒரு காலையைத்தான் அவன் மற்ற நாட்களைவிடத் துல்லியமாக என்னிடம் சொன்னான். நம் பிள்ளைகளிடம் தோட்டத்தில் ரப்பர் வெட்டிய கதையை, ஜப்பான்காரர் காலத்தில் சயாம் ரயில் பாதை போட்டுச் செத்தவர்கள் கதையை யார் சொல்கிறோம்? ஒரு காலை அதற்கும் வையுங்கள். அந்தக் காலத்தைக் கேட்டு வளர்ந்த தாத்தாக்கள் செந்தூலிலேயே இருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

கேள்வி: டீச்சர், அந்த முகாமில் ரோத்தான் (பிரம்படி) உண்டா? வீட்டுப்பாடம் உண்டா?
*(நான்காம் ஆண்டு மாணவி, புக்கிட் மெர்தாஜாம்)*

இரண்டும் கிடையாது கண்ணே. காகா தொட்டியில் ஒருவனைத் தள்ளிவிட்டதற்காக என் பேரனைப் பத்து நிமிடம் மரத்தடியில் வழிகாட்டி அண்ணனோடு உட்கார வைத்தார்கள். அந்த அண்ணன் பேசிக்கொண்டே கையில் நூல்கயிறு பின்னக் கற்றுக்கொடுத்துவிட்டான், தண்டனை முடிந்ததும் இவன் எழுந்து வர மாட்டேன் என்றானாம். அந்தக் கயிறு இப்போது என் கையில்தான் இருக்கிறது, கொஞ்சம் இறுக்கம். கடைசி நாளில் நீ கேட்காத இன்னொன்றும் நடந்தது. கேட்பாரற்ற பொருள்களை ஒரு நீள மேசையில் பரப்பியிருந்தார்கள், நான் போய்ப் பார்த்தால் ஒற்றைக் காலுறை மட்டும் ஒரு மலை. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருந்தது, என் கையெழுத்திலேயே நான்கு.